பாட்டும் சாட்சியே

ஓர் இனத்திற்கு நேர்ந்த கொடுமையை நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டிய நிலை மிகக் கொடியது. ஆர்மேனியரின் வரலாறு அத்தகையது. 1915 ஏப்ரல் 24 அன்று உஸ்மானியப் பேரரசின் தலைநகரில் அவர்தம் எழுத்தாளரும் அறிஞரும் கைதுசெய்யப்பட்டனர். தொடர்ந்து நிகழ்ந்த படுகொலைகளிலும், பாலைவனம் நோக்கிய நாடுகடத்தலிலும் மாண்டோர் தொகை 10 இலட்சம் முதல் 15 இலட்சம் வரை எனக் கணிப்பர். இதனை இனப்படுகொலை என்று துருக்கி இன்றளவும் ஏற்கவில்லை.

தமிழர்க்கு ஆர்மேனியர் முற்றிலும் அந்நியரல்லர். உலகின் முதலாவது ஆர்மேனிய சஞ்சிகையான ‘அஸ்தரார்’ 1794 இல் அச்சேறியது நமது சென்னையிலேதான்.

அந்தப் படுகொலையில் தப்பிப் பிழைத்த ஒருவரின் மகனாக 1932 இல் கலிபோர்னியாவில் பிறந்தவர் பேராசிரியர் ரிச்சர்ட் ஹொவனிசியன். ஆர்மேனியக் குடியரசின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதிய இவர், அரச ஆவணங்களோடு நின்றுவிடவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் முதியோரின் இல்லங்களுக்கு அனுப்பினார். ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குமூலங்கள் சேர்ந்தன. 2019 இல் அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும், 2021 இல் அந்நாட்டு ஜனாதிபதியும் அதனை இனப்படுகொலை என ஏற்றதைக் கண்ட பின்னரே, 2023 இல் அவர் மறைந்தார்.

இதனை வாசிக்கும்போது என் மனம் மடக்கொம்பரைத் தோட்டத்தை நாடுகிறது. 1914 இல் அங்கு பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் அவ்வாண்டு தெரிவானோர் எழுவர். மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவர்தானும் இல்லை.

ஆர்மேனியருக்கு நேர்ந்ததும் நமக்கு நேர்ந்ததும் ஒன்றெனக் கூறுவது பிழை. அது மாண்டோரை அவமதிப்பதாகும். ஆயினும் இரண்டிடத்தும் எழும் கேள்வி ஒன்றே: பத்திரத்தில் இடம்பெறாத மக்களுக்கு யார் சாட்சி?

தோட்டத்துப் பத்திரங்களை எழுதியவர்கள் துரைமாரும் கணக்குப்பிள்ளைமாருமே. செக்றோலில் பேரும் வேலைநாளும் கூலியும் உண்டு. பசியும், கங்காணியிடம் பட்ட கடனும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஓலமும் அதில் ஏறா. அவை ஏறிய இடம் பாட்டு. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாடல்களிலும் மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தனர். சி.வி. அவற்றைத் தேடித் திரட்டினார். தோட்டத்து மாந்தரை ஆங்கிலத்தில் சித்திரித்த அவரது ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ 1970 இல் நூலாயிற்று. வாக்கைப் பறித்த சட்டத்துக்கு, அம்மக்களின் வாய்மொழியைக் கொண்டே அவர் பதில் சொன்னார் எனலாம்.

1964 இல் இரு நாட்டுத் தலைவர்கள் 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமெனப் பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரின் கதி பின்னரே முடிவாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. 1984 இல் மறைந்த சி.வி.க்கு அதனைக் காணும் பேறு கிட்டவில்லை.

2023 இல், மலையக மக்கள் இங்கு வந்த 200 ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். அந்த வழியில் வந்தவர்களின் கதையைத் தம் பாட்டியரிடம் கேட்டறிந்தோர் இன்னும் நம் லயங்களில் வாழ்கின்றனர். நான் உயர்தர வகுப்பில் ஒப்பாரி கற்பிக்கையில், வீட்டு முதியவரிடம் ஒரு பாட்டேனும் கேட்டு எழுதிவரும்படி மாணவரிடம் சொல்வதுண்டு. இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஹொவனிசியனின் மாணவர் செய்ததை நம் மாணவராலும் செய்யவியலும். ஆசிரியர்களே, பெற்றோரே, அந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.