பருவமழையில் பிளந்த பித்தளை

வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருப்போர், பித்தளைப் பாத்திரம் சில நாளிலேயே கறுத்துவிடுவதைக் கண்டு உப்புக் காற்றை நோவர். ஆனால் கறுப்பது ஒன்று, பிளப்பது வேறொன்று. எவரும் தொடாமல் இருந்த பித்தளைக் குடம் ஒருநாள் தானே கீறல் விட்டிருக்குமானால் அதற்குக் கடற்காற்று காரணமன்று. இந்நோயின் மூலத்தை உலகம் அறிந்துகொண்டது துப்பாக்கித் தோட்டாவின் வாயிலாக என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோட்டா என்பது பெரும்பாலும் மருந்தையும் குண்டையும் சுற்றிய கடதாசிப் பொட்டலமே. 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், அப்பொட்டலத்திற் பூசிய கொழுப்பைப் பற்றி எழுந்த பேச்சு எத்தகைய பெருந்தீயாக மூண்டது என்பதை யாவரும் அறிவர். அடுத்த சில பத்தாண்டுகளிற் கடதாசி மறைந்து பித்தளைக் கூடு வந்தது. எச்சமயத்தார்க்கும் ஊறில்லாத உலோகம். எனினும் அதற்கும் ஒரு நோய் இருந்தது.

இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்திலே தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது கூடுகள் பிளந்திருந்தன. பருவத்தோடு வந்ததால் இதனைப் பருவப் பிளவு என்றே அழைத்தனர். பிளந்த கூடு போர்க்களத்திற் கைவிடும்; சுடுபவன் முகத்தருகே சூடான வாயு கசியவும் கூடும்.

1921ஆம் ஆண்டிலே மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விடை கண்டனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஒரு காரணம். பித்தளைக்குள் அடங்கிக் கிடந்த இழுவிசை மற்றொன்று. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, மீண்டும் மீண்டும் இழுத்து நீட்டியே கூடு செய்கின்றனர். அவ்விறுக்கம் உள்ளே தங்கிவிட, அமோனியா உலோக மணிகளின் எல்லை வழியே புகுந்து பிளக்கிறது. கொட்டாஞ்சேனைக் கோயில்களில் எரியும் வார்ப்புக் குத்துவிளக்குக்கு இவ்வச்சம் மிகக் குறைவு. அடித்தும் இழுத்தும் உருவாக்கிய பண்டமே அஞ்சவேண்டியது.

மருந்து எளியது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை காய்ச்சினால், உறுதி பெரிதும் குன்றாமலே இறுக்கம் தணியும். கன்னார் குடத்தை அடிக்கும்போது இடையிடையே காய்ச்சி இளக்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயின் அங்கே சூடு இன்னும் மிகுதி.

சுட்ட கூட்டிலே மீண்டும் மருந்தடைத்துப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுக் கைத்தொழிலாகவே நிலவுகிறது. நம் நாட்டிலோ துவக்கும் வெடிமருந்தும் உரிமத்துக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு முறை சுடும்போதும், அளவுக்குத் திரும்ப அழுத்தும்போதும் கழுத்து இறுகுகிறது. காய்ச்சாவிடில் ஈற்றிற் கீறும். முன்னாளிலே கூடுகளை நீர்த்தட்டில் நிறுத்தி, கழுத்தைச் சுவாலையாற் சுட்டு, நீரிற் சாய்த்துவிட்டனர். நீர் எதற்கு? அடிப்பாகம் இளகலாகாது. வெடியின் முழு அழுத்தத்தையும் அதுவே தாங்குகிறது. அது மென்மையானாற் சுடுபவனுக்கே ஆபத்து.

இன்றைய பொறிகளை இதைக் கொண்டே மதிக்கவேண்டும். வாயுச் சுவாலைப் பொறி மலிவானது. ஆனாற் காற்று வீசினாலும் வாயு அழுத்தம் தளர்ந்தாலும் சூடு மாறும். உருகிய உப்பிலே தோய்க்கும் முறையில் வெப்பம் சீராக இருக்கும். ஈரமான கூடு விழுந்தால் உப்பு தெறித்துக் கையைப் பொசுக்கும். பரடே 1831இற் கண்ட மின்தூண்டலால் இயங்கும் பொறி விலை மிக்கது; நொடிக் கணக்கில் ஒரே அளவாய்ச் சுடும். ஆயினும் கூட்டின் தடிப்பு மாறினால் அதற்கும் புதிதாக நேரம் குறிக்கவேண்டும். சிலவற்றை மட்டும் காய்ச்சுபவனுக்குச் சுவாலையே போதும் என்பது என் எண்ணம். விலையைவிடப் பெரிது, நூறாவது கூடும் முதற் கூட்டைப் போலவே சூடேறுகிறதா என்பது.

அமெரிக்கப் படைத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். காய்ச்சியமைக்கு அதுவே அடையாளமாதலால், சோதிப்போர் கண்ணுக்குத் தெரியும்படி அதனை மெருகிட்டு அழிக்காமல் விட்டுவைக்கின்றனர்.