பாலாற்றங்கரைக் கத்திகள்

சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திகளைத் தேடிச் சேகரிப்பதை வாழ்நாள் ஈடுபாடாகக் கொண்டவர்கள் மேல்நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஓயாமல் நடந்துவரும் ஒரு வாதமும் இருக்கிறது. ஒரு சாரார், முதுகுப்புறத்து வில்லின் அழுத்தத்தால் மட்டுமே அலகு நிற்பதும், நகத்தை விட்டு இழுப்பதற்கென அலகின் ஓரத்தில் சிறு பள்ளம் உடையதும், மான்கொம்பினாலோ எலும்பினாலோ பிடி அமைந்ததுமான பழைய கத்தியே கத்தி என்பர். மற்றொரு சாரார், ஒரு கையாலேயே திறக்கக்கூடியதும், திறந்தபின் தவறி மடங்கி விரலை வெட்டாதபடி பூட்டு உடையதும், பையோரத்தில் மாட்டிக்கொள்ளக் கொக்கி வைத்ததுமான புதிய கத்தியையே போற்றுவர். 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனத்தார் அலகில் வட்டத் துளையும் பிடியில் கொக்கியும் வைத்து ஒரு கத்தியை வெளியிட்டதிலிருந்து இவ்வாதம் மேலும் உக்கிரமாயிற்று. ஆனால், பழமை விரும்பிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பிரான்சு தேசத்து ஒப்பினெல் கத்தியும், 1890-இல் சவோய் மலைநாட்டில் பிறந்தபோது பூட்டு இல்லாமலேயே இருந்து, 1955-இல்தான் அலகை நிறுத்தும் வளையத்தைப் பெற்றது. ஆகவே, சம்பிரதாயம் என்று நாம் வணங்குகின்ற வடிவமும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் தேவைக்கு இணங்கி மாறிய வடிவமே என்பது சிந்திக்கத் தக்கது.

இந்த வாதத்தை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம், வேலூரையும் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் இராணிப்பேட்டையையும் உள்ளடக்கிய பாலாற்றுப் பள்ளத்தாக்கில் நூற்றாண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான மக்களின் ஜீவனம் தோல் சீவும் கத்தியின் வாயிலேயே நடந்து வந்திருக்கிறது என்பதும், அவ்வளவு இருந்தும் அந்தக் கத்திகளைப் பழமைக்காகவோ புதுமைக்காகவோ போற்றிச் சேகரிக்கும் வழக்கம் நம்மிடையே வேர்விடவில்லை என்பதுமே ஆகும்.

கத்தியைப் பற்றிய அறிவு தென்னாட்டுக்குப் புதிதன்று. கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் நம் முன்னோர் எஃகு காய்ச்சிய உலைகளை வெளிப்படுத்தியிருக்கின்றன. நம் எஃகு மேல்நாட்டாரால் 'ஊட்ஸ்' என்று அழைக்கப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அந்த எஃகில் கத்திகள் செய்து விற்றதோடு, மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதன் தன்மையை ஆராயவும் செய்தார். கிழக்கிந்தியக் கும்பெனி உத்தியோகத்தைத் துறந்து பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பின்னர் ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழிலில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். உலகத்தார் விரும்பி வாங்கிய ஷெஃபீல்டுக் கத்தியின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

பாலாற்றங்கரையில் தோல் தொழில் பெருகியதற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-இல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, பின்னர்க் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டு, இவ்வூர்களைச் சென்னைத் துறைமுகத்தோடு பிணைத்தது. ஆற்றுமணலை ஓரடி தோண்டினால் ஊறும் நீரும், சுற்றுப்புறத்துக் காடுமேடுகளில் தானே வளரும் ஆவாரையின் பட்டையும், கடுக்காயும், சுண்ணாம்பும் அருகிலேயே கிடைத்தன. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காய்ச் சாற்றில் முடிக்கும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைப் பகுதியில் சீர்படுத்திப் பரப்பியவர் சார்லஸ் தெ சூசா என்னும் யூரேசியர் என்று தொழில் நூல்கள் குறிப்பிடுகின்றன. அதனைக் கையிற்கொண்டு கடல்கடந்த வியாபாரமாக வளர்த்தவர்கள் பெரும்பாலும் இவ்வட்டாரத்து முஸ்லிம் வணிகர்கள். பதனிடும் குழியில் இறங்கியும் கத்தி பிடித்தும் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பு மக்கள். சென்னை மாகாணத்தின் கைத்தொழில் வளர்ச்சிக்குப் பாடுபட்ட ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1904-இல் தோல் பதனிடுதலைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு இத்தொழில் அதற்குள் பிரசித்தி பெற்றுவிட்டது.

இனி அந்தக் கத்திகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்புக் குழியில் பல நாட்கள் கிடத்தி எடுத்தால், மயிர் வேரோடு தளர்ந்து, உட்புறத்துச் சவ்வும் ஒட்டியிருக்கும் தசையும் ஊதித் தடித்து நிற்கும். சரிவாக நிறுத்திய உருண்டை மரத்தின்மேல் அத்தோலை விரித்து, தன் வயிற்றால் அதை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொழிலாளி குனிந்து நிற்பார். முதலில் அவர் எடுப்பது இரு முனையிலும் மரப்பிடி வைத்து, மரத்தின் உருளைக்கு இசைவாக உள்வளைந்த மழுங்கற் கத்தி. அது மயிரைத் தள்ளுமேயன்றி வெட்டாது. மயிர் கழிந்தபின் தோலைப் புரட்டிப் போட்டு, அதே போன்ற இரட்டைப் பிடியும் ஆனால் கூரிய வாயும் உடைய கத்தியால் சவ்வைச் சீவுவார். கத்தியின் கோணம் சற்றே நிமிர்ந்தால் சவ்வு போகாது. சற்றே சாய்ந்தால் தோலில் பள்ளம் விழும். முதுகுப்பக்கம் கனத்தும் வயிற்றுப்பக்கம் மெலிந்தும் இருக்கின்ற ஒரே தோலில், ஓரிடத்தில் கை அழுந்தவும் மற்றோரிடத்தில் கை தளரவும் வேண்டும். அந்த வேறுபாட்டைக் கண் அறியாது, கத்தியின் பிடி வழியாகக் கைதான் அறியும். சுண்ணாம்பு நீர் விரல்களை அரித்துப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும்போதே இத்தனை நுட்பமும் நடைபெற்றது என்பதை மறந்துவிடலாகாது.

இத்தொழிலின் பழைய கத்திகளுள் மிகவும் விசித்திரமானது, பதனிட்ட தோலின் கனத்தைச் சமப்படுத்தும் கத்தியாகும். அதன் வாயைச் சாணைக்கல்லில் தீட்டியதோடு விடாமல், எஃகுத் தண்டினால் அழுத்தித் தேய்த்து, வாயின் நுனியைச் செங்கோணமாக மடக்கிவிடுவார்கள். கத்தி தோலின்மேல் நேராக நிற்க, மடங்கிய அந்த நுனி மட்டும் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வரும். வேலைக்கு நடுநடுவே சிறு தண்டொன்றால் அந்த மடிப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இவ்வளவு நுண்ணிய அறிவு ஒரு கருவியின் அரை நூலளவு விளிம்பில் அடங்கியிருந்தது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் வில்லின் இறுக்கத்தையும் அலகு மூடும் ஓசையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவாராயின், நம் தொழிலாளர் இந்த மடிப்பைப் பற்றிப் பேசியிருக்கக்கூடியதைக் கேட்டு எழுதிவைக்க ஒருவரும் முன்வராதது நமக்கு நேர்ந்த நஷ்டமே.

பழையவை யாவும் உயர்ந்தவை என்பது என் கட்சி அன்று. கிராமங்களில் செத்த மாட்டை உரித்தவர்கள் கையில் கிடைத்த கூர்முனைக் கத்தியையே உபயோகித்தனர். அம்முனை தோலில் கீறலும் துளையும் உண்டாக்கி, நல்ல தோலின் விலையைப் பாதியாக்கிவிடும். அகன்று வளைந்த அலகும் உருண்ட நுனியும் உடைய உரிக்கும் கத்தி இக்கேட்டைப் பெரிதும் குறைக்கிறது. இந்த இடத்தில் புதிய வடிவம் பழையதை வென்றது நியாயமான வெற்றி.

முதல் உலக மகாயுத்தத்தில் படைவீரர்களின் பாதரட்சைக்காகச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோலைப் பிரிட்டிஷ் சர்க்கார் பெருமளவில் வாங்கியபோதும், மரத்தின்மேல் குனிந்த முதுகுகளே அத்தேவையை நிறைவேற்றின. சுதந்திரத்திற்குப் பின், 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. டாக்டர் நாயுடம்மா அதன் இயக்குநராக விளங்கிய காலத்தில் விஞ்ஞானம் தோல் ஷாப்புகள் என்று வழங்கும் பதனிடும் கூடங்களுக்குள் நுழைந்தது. 1970-களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் அனுப்புமாறு அரசு வற்புறுத்தியதும், ஒரே கனமும் ஒரே வழவழப்பும் உடைய தோல் வேண்டியிருந்தமையால் யந்திரங்கள் பெருகின.

அந்த யந்திரங்களுள்ளும் இருப்பது கத்தியே என்பதுதான் விசேஷம். சவ்வு சீவும் யந்திரத்தில், சுழலும் உருளை ஒன்றின்மேல் நடுவிலிருந்து இருபுறமும் எதிரெதிர்த் திசையில் சுருண்டு செல்லும் அலகுகள் பதிக்கப்பட்டிருக்கும். தோல் இழுக்கப்படும்போது அவ்வலகுகள் அதனை இடமும் வலமுமாக விரித்துக்கொண்டே சீவும். கையால் விரித்து விரித்துச் சீவிய பழைய தொழிலாளியின் அசைவையே யந்திரம் செய்தவன் இரும்பில் வார்த்திருக்கிறான். தோலை இரண்டாகப் பிளக்கும் யந்திரத்திலோ, முனையே இல்லாத நாடா போன்ற கத்தி இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் கிளிக்கிங் என்று வழங்கும் வெட்டும் பிரிவிலும் இதே கதைதான்: முதலில் அட்டை அளவை வைத்துச் சிறு கைக்கத்தியால் வெட்டினர், பிறகு வேண்டிய உருவத்திலேயே வளைத்த எஃகு அச்சை வைத்துப் பிரஸ்ஸில் அழுத்தினர், இன்று கம்ப்யூட்டர் வழிநடத்தும் கத்தி மேசைமேல் தானே நகர்ந்து வெட்டுகிறது. ஆயினும், தோலில் உள்ள தழும்பையும் உண்ணிக்கடியின் அடையாளத்தையும் விலக்கி, நீளும் திசையறிந்து உருவங்களை அடுக்கும் அறிவு பழைய வெட்டுக்காரர்களின் அனுபவத்திலிருந்தே பிறந்தது.

யந்திரம் வந்ததால் முதுகு நிமிர்ந்தது, விரற்புண் குறைந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பதனிடுவதற்குப் பயன்படுத்திய குரோமியம் கலந்த கழிவு நீரினால் பாலாறும் கிணறுகளும் பாழாகி, அதன் விளைவாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு ஈடுதர வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஆற்றுக்கு அத்தீர்ப்பு அவசியமாகவே இருந்தது. ஆயினும், சுத்திகரிப்புச் செலவைத் தாங்கமுடியாத சிறு ஷாப்புகள் மூடப்படும்போது, குழிகள் தூர்க்கப்படுகின்றன, தோல் விரித்த மரங்கள் விறகாகின்றன, இரட்டைப் பிடிக் கத்திகள் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்கப்படுகின்றன.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில், இவ்வட்டாரத்தில் கிடைத்த பண்டைக்காலத்து வெண்கல வாள் ஒன்று பத்திரமாக இருக்கிறது. இக்கோட்டையிலே சிறையிருந்து 1832-இல் மறைந்த கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் உபயோகப் பொருள்களும் உள்ளன. அம்மன்னனின் தேசத்து அரண்மனைப் பட்டறைகளில் வெள்ளியும் பித்தளையும் இழைத்துச் செய்த அலங்காரக் கத்திகளை உலகத்து அருங்காட்சியகங்கள் போட்டியிட்டுச் சேர்த்திருக்கின்றன. அரசனின் கத்திக்கும் வீரனின் வாளுக்கும் கிடைத்த மதிப்பு, அவற்றைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக உழைத்த தோல் ஷாப்புக் கத்திக்குக் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் அக்கத்தியின் குறை அன்று. அதைப் பிடித்த கையை இச்சமூகம் தீண்டத்தகாதது என்று ஒதுக்கியதே காரணம். தோலைக் காலில் அணிந்தவர்கள் அதைச் சீவியவரைத் தெருவுக்கு அப்பால் நிறுத்தினர். மனிதனுக்கு இழைத்த அவமதிப்பு அவன் கருவியின்மீதும் படிந்துவிட்டது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதி, அதற்கு 2012-இல் சாகித்திய அகாதமிப் பரிசும் கிடைத்திருப்பதால், இலக்கியம் இக்கடனில் ஒரு பங்கைத் தீர்த்திருக்கிறது. சரித்திரம் தன் பங்கை இன்னும் தீர்க்கவில்லை.

செய்யக்கூடாத காரியம் அன்று இது. ஷெஃபீல்டு நகரத்தில் கென் ஹாலி என்ற கருவி வியாபாரி, மூடப்பட்டு வந்த பட்டறைகளிலிருந்து கத்தித் தொழிலாளரின் கருவிகளையும், அவற்றைச் செய்த முறைகளையும் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தார். அவருடைய சேகரிப்பு இன்று அந்நகரத்துக் கெல்லம் தீவு அருங்காட்சியகத்தில் பொதுச் சொத்தாக விளங்குகிறது. அவர் சேகரித்ததில் செய்துமுடித்த அழகிய கத்திகள் மட்டும் இல்லை. அவற்றைச் செய்தவர் கைபட்டுத் தேய்ந்த கருவிகளும் இருக்கின்றன. பழையதா புதியதா என்று வாதிடுவதற்கும் முதலில் இரண்டும் கண்முன் இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பு வைத்திருப்பவர்களுக்கும், அவற்றில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் பிள்ளைகளுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது: பரணிலும் மூலையிலும் துருப்பிடித்துக் கிடக்கின்ற கத்திகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் எந்த வேலைக்கு, எப்படிப் பிடித்தார்கள் என்று அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். தோல் வணிகத்தால் செழித்த இவ்வூர்களின் கல்லூரிகளும் வணிகர் சங்கங்களும் ஒரு கூடம் ஒதுக்கி அவற்றை வரிசைப்படுத்தி வைக்கட்டும். ஒவ்வொரு கத்தியின் அருகிலும் அதைச் செய்த கொல்லரின் ஊர்ப்பெயரோடு, அதைப் பிடித்து உழைத்தவரின் பெயரையும் எழுதி வைக்கட்டும்.