வரிக்குள் நின்ற கணக்கு: ஓலை முதல் வேர்டு கோப்பு வரை

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்நாளில் நூல் என்றால் ஓலைதான், கணக்கு எழுதியதும் அதில்தான். அகலம் குறைந்த ஓலையில் எண்களை மேலும் கீழுமாக அடுக்க இடமில்லை. தமிழ்க் கணக்கு எடுத்த வடிவத்தை இந்த இடநெருக்கடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அரை, கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்தாகத் தனிக்குறி இருந்தது. முந்திரியினும் நுண்மையான அளவுக்குக் ‘கீழ்’ என்ற சொல் முன்னால் சேரும், கீழ்முந்திரி 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவுகள் இப்படித்தான் வாக்கியத்தின் ஓட்டத்திலேயே வருகின்றன.

அச்சு இந்த ஒழுங்கை மாற்றியது. யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளையின் இயற்கணித நூல் ‘வீசகணிதம்’ 1855இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களில் வரும் ஐரோப்பிய முறைப் பின்னத்துக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு. அச்சுக் கோப்பவர் மூன்றையும் தனித்தனியே அடுக்கி, சுற்றிலும் வெற்று ஈயத்துண்டுகளை நிரப்ப வேண்டும். பெரிய சமன்பாடு தனி வரிக்குப் போனதில் படிப்பவரின் வசதியோடு கோப்பவரின் சிரமத்துக்கும் பங்குண்டு.

தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் தரம் பிடிக்காமல் கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். அதில் சமன்பாட்டின் இருபுறமும் ஒரு டாலர் குறி இட்டால் வரிக்குள் நிற்கும். இரண்டு இட்டால் தனி வரியில் நிற்கும். இடம் பற்றிய முடிவு அச்சகத்திலிருந்து எழுதுபவர் கைக்கு வந்தது.

ஆனால் தமிழில் தட்டச்சு செய்தவர்களில் பலர் பயன்படுத்தியது டெக் அல்ல, வேர்டு. அதன் பழைய ஈக்குவேஷன் எடிட்டரில் சமன்பாடு எழுத்தாக இல்லை. படம் போல ஒட்டப்பட்ட தனிப்பொருள். வரி இடைவெளியைக் குறிப்பிட்ட அளவில் நிலைநிறுத்தினால் சமன்பாட்டின் தலை வெட்டுப்படும். சமன்பாட்டை நடுவிலும் அதன் எண்ணை வலது ஓரத்திலும் நிறுத்த, கோடு தெரியாத மூன்று நெடுவரிசை அட்டவணை போட்டார்கள். தமிழுக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்றும் இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் ஆங்கில எக்ஸ் விசை ‘ஒ’ தரும், ஒய் விசை ‘ல’ தரும். வாக்கியத்தின் நடுவே எக்ஸ் போன்ற மாறி ஒன்றைக் குறிப்பிட ஒவ்வொரு முறையும் எழுத்துரு மாற்ற வேண்டும். பின்னாளில் அதே கோப்பை வெறும் உரையாக யூனிகோடு மாற்றியில் போட்டால் எக்ஸ் எல்லாம் ‘ஒ’ ஆகிவிடும். ஆய்வேட்டில் இது சின்னப் பிழை அல்ல, பொருளே போய்விடுகிறது.

வேர்டு 2007இல் சமன்பாடு மீண்டும் எழுத்தானது. ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் பெட்டி திறக்கும். பத்தியில் அது தனியாக இருந்தால் விரிந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சொல் சேர்ந்தாலே சுருங்கி வரிக்குள் அமரும், கூட்டுத்தொகைக் குறியின் (Σ) எல்லைகள் பக்கவாட்டுக்கு நகரும். இப்போதைய பதிப்புகளில் இறுதியில் #(1) என்று எழுதி என்டர் தட்டினால் எண் வலது ஓரம் போய்விடும், அட்டவணை தேவையில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றதும் எழுத்துருச் சிக்கல் தீர வழி பிறந்தது. 2019இல் பழைய பின்னக் குறிகளும் யூனிகோடில் இடம்பெற்றன.

தமிழ் வரியில் ‘கி’ மேலே வளையும், ‘கூ’ கீழே இறங்கும். அங்கே அடுக்குப் பின்னம் வைத்தால் வரி இடைவெளி பிதுங்குகிறது. பத்திக்குள் சாய்கோட்டுப் பின்னமே தமிழுக்குப் பொருந்தும்; ஓலை எழுதியவர்களும் வரியை உடைக்கவில்லை.

பாதுகாப்புக் குறை காரணமாகப் பழைய ஈக்குவேஷன் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதில் எழுதியவற்றை இன்றைய வேர்டில் பார்க்கலாம், அதே கருவியால் திருத்த முடியாது. அத்தகைய தமிழ் ஆய்வேடுகளை வைத்திருப்பவர்கள், எழுதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே சமன்பாடுகளைப் புதிய வடிவில் மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வைக்க வேண்டும்.