இராத்தலுக்கு இராத்தல்



பள்ளித் தலைமையாசிரியனாக நான் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் ஒரு சிக்கல் எழும். பரிசளிப்பு விழாவில் தமிழில் முதலிடம் பெற்றவனுக்கு ஒரு பரிசு. கணக்கில் முதலிடம் பெற்றவனுக்கு ஒரு பரிசு. இவற்றை முடிவு செய்வதில் தொல்லையில்லை. மதிப்பெண்ணே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால், பள்ளியிலேயே தலைசிறந்த மாணவனுக்கென்று வேறொரு பரிசும் உண்டு. தமிழில் வல்லவனையும் கணக்கில் வல்லவனையும் எந்தத் துலாக்கோலில் வைத்து நிறுப்பது? ஆசிரியர் அறையில் நெடுநேரம் வாதம் நிகழும். இதே சிக்கல் குத்துச்சண்டை உலகிலும் எழுந்தது. அது எழுந்த வரலாற்றையும், அதற்கு அவ்வுலகம் கண்ட விடையையும் இன்று காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குத்துச்சண்டை வெறுங்கையால் நிகழ்ந்தது. 1743ஆம் ஆண்டில் ஜாக் பிராட்டன் என்பார் அதற்கு முதன்முதலாக விதிகள் வகுத்தார். கீழே விழுந்தவனை அடிக்கலாகாது என்றது ஒரு விதி. ஆனால் போரிடுவோரின் எடையைப் பற்றி அவ்விதிகள் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆதலின், பெருத்த உடலுடையோர்க்கே வெற்றி எளிதாயிற்று. இதற்கு விலக்காக விளங்கியவர் டேனியல் மெண்டோசா. ஏறத்தாழ 160 இராத்தல் எடையே உடைய அவர், காலடி வைப்பாலும், உடலை வளைத்து அடி தவிர்க்கும் திறத்தாலும் தம்மினும் பெரியவர்களை வென்று இங்கிலாந்தின் முதல் வீரர் எனப்பட்டார். இராத்தல் என்பது பவுண்டுக்கு நம்மவர் வழங்கிய பெயர். ஓர் இராத்தல் ஏறத்தாழ 454 கிராம். 1795ஆம் ஆண்டில் ஜான் ஜாக்சன் என்னும் பேருடலாளர் மெண்டோசாவின் நீண்ட தலைமுடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் குத்தி வீழ்த்தினார். முடியைப் பிடிப்பதையும் அன்றைய விதி தடுக்கவில்லை.

பிறகு 1867ஆம் ஆண்டில் குவீன்ஸ்பெரி விதிகள் வெளிவந்தன. கையுறையும், மூன்று நிமிடச் சுற்றும், வீழ்ந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி அவகாசமும் அவற்றால் நிலைபெற்றன. 1909ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த தேசிய விளையாட்டுக் கழகம் எட்டு எடைப் பிரிவுகளை வரையறுத்தது. மிக இலேசான ஃபிளைவெயிட் பிரிவின் உச்சவரம்பு 112 இராத்தல். அதற்கு மேற்பட்ட பிரிவுகளுக்கு முறையே 118, 126, 135, 147, 160, 175 இராத்தல். அதனையும் கடந்தோர் ஹெவிவெயிட் ஆவர். சிறியவனைப் பெரியவன் நசுக்காமல் காத்த ஏற்பாடு இது.

ஆனால் ஒரே அரியணை இருந்த இடத்தில் இப்போது எட்டு அரியணைகள் தோன்றின. எட்டு வேந்தருள் தலையாயவர் யார்? ஒருவரோடொருவரை மோதவிட்டு அறியலாம் எனின், ஹெவிவெயிட் வீரர் உடற்பருமனாலேயே வென்றுவிடுவார், திறமை விளங்காது. ஆகவே, ‘அனைவரும் ஒரே எடையினராக இருந்தால் எவர் விஞ்சுவார்?’ என்று வினவத் தொடங்கினர். இதனையே ஆங்கிலேயர் ‘பவுண்டுக்குப் பவுண்டு’ என்பர். நாம் ‘இராத்தலுக்கு இராத்தல்’ என்போம். இது களத்தில் மெய்ப்பிக்க இயலாத கற்பனை அளவுகோல். எனவே வல்லுநர் சில சான்றுகளை நாடுகின்றனர். எத்தகையோரை வென்றார்? அவர்கள் தம் வலிமை குன்றாத காலத்தில் இருந்தனரா? எத்தனை பிரிவுகளில் ஏறிச் சென்றார்? தம்மினும் பெரியவர்முன் எவ்வாறு நின்றார்?

இவ்வகையில் புகழ்பெற்றோர் சிலரைக் கூறுவேன். 1897ஆம் ஆண்டில் பாப் பிட்சிம்மன்ஸ் 167 இராத்தல் எடையோடு சென்று, தம்மினும் கனத்த கார்பெட்டை வென்று ஹெவிவெயிட் பட்டம் கொண்டார். எட்டே பிரிவுகள் இருந்த 1938ஆம் ஆண்டில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மூன்று பிரிவுகளின் பட்டங்களை ஒருசேர வைத்திருந்தார். ‘இராத்தலுக்கு இராத்தல்’ என்னும் தொடரோ, சுகர் ரே ராபின்சன் என்பாரின் பெயரோடு பிரிக்க இயலாதபடி ஒட்டிக்கொண்டது. இரு பிரிவுகளில் பட்டம் வென்ற அவர், 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்றாம் பட்டம் நாடி, தம்மினும் ஏறத்தாழ 15 இராத்தல் மிகுந்த ஜோயி மாக்சிமை நியூயார்க்கில் எதிர்த்தார். அன்று கடும் வெப்பம். பத்தாம் சுற்றுக்குப்பின் நடுவரே சோர்ந்து விலக, வேறொருவர் அவரிடத்துக்கு வந்தார். புள்ளிகளில் முன்னணியில் இருந்த ராபின்சன், பதின்மூன்று சுற்றுகள் போரிட்டபின் பதினான்காம் சுற்றுக்கு எழ இயலாது போயினார். பதிவேட்டில் அது தோல்வியே. ஆயினும் அதனால் அவர் மதிப்புக் குறைந்ததாக எவரும் எண்ணவில்லை.

இனி, பட்டியல் வகுத்தோர் வரலாறு. 1922ஆம் ஆண்டில் நாட் பிளைஷர் அமெரிக்காவில் ‘தி ரிங்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டுக்குரிய தரவரிசை 1925ஆம் ஆண்டில் அதில் வெளியாயிற்று. தரவரிசை வெறும் புகழ்மாலை அன்று. முன்னிடம் பெற்றவர்க்கே பட்டப் போட்டியும் பெரும்பணமும் கிட்டும். ஆதலின் அங்கே பொய் புகுவதற்கும் வழி உண்டு. 1977ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த ஒரு போட்டித் தொடருக்காக, அவ்விதழின் ஏடுகளில் சிலர்க்கு நடவாத வெற்றிகள் சேர்க்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது, தொடரும் நின்றுபோயிற்று. இன்று பதினேழுக்குக் குறையாத எடைப் பிரிவுகளும், பட்டம் வழங்கும் முதன்மை அமைப்புகள் நான்கும் உள்ளன. வெற்றி வீரர் பலராகிவிட்டமையால், எல்லாரையும் ஒருங்கே நிறுக்கும் பட்டியலை மக்கள் முன்னினும் ஆவலோடு நோக்குகின்றனர். கணினி கொண்டு கணக்கிடுவோரும் உளர். ஆனால் எதற்கு எத்தனை புள்ளி என்று வகுப்பவன் மனிதனே.

இத்தகைய கற்பனை அளவுகோலால் யாது பயன் என்று நீங்கள் கேட்கலாம். சாம் லாங்க்போர்டு என்னும் கறுப்பின வீரரின் வாழ்க்கையே அதற்கு விடை. கனடாவில் பிறந்த அவர் உயரத்தில் குறைந்தவர். 1903ஆம் ஆண்டில், லைட்வெயிட் வெற்றி வீரராயிருந்த ஜோ கான்ஸைப் பட்டத்துக்கு உட்படாத ஒரு போட்டியில் வென்றார். 1906ஆம் ஆண்டில் தம்மினும் மிகப் பெரியவரான ஜாக் ஜான்சனிடம் தோற்றார். 1908ஆம் ஆண்டில் ஹெவிவெயிட் பட்டம் பெற்ற ஜான்சன், லாங்க்போர்டுக்கு மறுவாய்ப்பு அளிக்கவில்லை. 1915ஆம் ஆண்டில் ஜான்சன் பட்டம் இழந்தபின், 1937ஆம் ஆண்டில் ஜோ லூயி வெல்லும்வரை, எந்தக் கறுப்பினத்தவரும் அப்பட்டத்தை அடையவில்லை. நிறவேற்றுமை கதவை அடைத்து வைத்திருந்தது. லாங்க்போர்டு உலகப் பட்டம் எதனையும் பெறாமலே பார்வையிழந்து, வறுமையுற்றார். 1944ஆம் ஆண்டில் ஒரு செய்தியாளர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு சிற்றறையில் அவரைக் கண்டு எழுதினார். மக்கள் பொருளுதவி செய்தனர். 1956ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பட்டங்களை மட்டும் எண்ணினால் அவர் பெயர் எங்கும் இராது. இராத்தலுக்கு இராத்தல் என நிறுத்தபோதோ, எக்காலத்துக்கும் உரிய பெருவீரருள் ஒருவராக அவரை வரலாற்றாசிரியர் வைத்தனர். அந்த மதிப்பு அவர் இழந்த வாய்ப்பை மீட்டுத் தரவில்லை. ஆயினும் உண்மையைப் பதிந்து வைத்தது.

மாணவச் செல்வங்களே! எந்தத் தரவரிசையைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வகுத்தவர் யார்? வரிசையில் நிற்பவர் எவரை எதிர்த்து நின்றவர்? உள்ளே புகவிடாது வெளியே நிறுத்தப்பட்டவர் எவர்? எங்கள் ஆசிரியர் அறையில் மூன்றாம் கேள்வியை நாங்கள் எப்போதும் கேட்டோம் என்று சொல்ல இயலாது. கேட்டிருந்தால், சில ஆண்டுகளில் அப்பரிசு வேறு கைகளுக்குப் போயிருக்கும் என்றே இன்று நினைக்கிறேன்.