தேவைப் பொறியியல்: பல்கலைக்கழகப் பாடமான வரலாறு

உருவாக்கப்போகும் மென்பொருள் யாருக்காக, எதற்காக, என்ன செய்ய வேண்டும் என்பதை விசாரித்து அறிந்து, எழுதி, சரிபார்த்து, பின்னர் வரும் மாற்றங்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் துறை தேவைப் பொறியியல். மென்பொருள் நிறுவனங்களில் ‘ரெக்வயர்மென்ட்ஸ்’ என்று புழங்குவது இதுதான். பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக அடையாளம் பெற இதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாடுதான் ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரைப் பரவலாக்கியது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரை, மென்பொருள் உருவாக்கத்தைப் படிப்படியாக வரைந்து காட்டித் தேவைகளைத் தொடக்கத்தில் வைத்தது. அந்தத் தொடக்கப் படியே ஒரு பொறியியல் வேலை என்பதை அழுத்தமாகச் சொன்னது 1976இல் பெல், தேயர் இருவரும் வெளியிட்ட ஆய்வு. தேவைகள் தாமாகக் கிடைத்துவிடுவதில்லை, அவற்றையும் வடிவமைத்துத் திருத்திச் செப்பனிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

1977 ஜனவரியில் ஐ.இ.இ.இ. மென்பொருள் பொறியியல் ஆய்விதழ் தேவைகளைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது. டக்ளஸ் ராஸின் வரைபட முறையும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் டைக்ரோ குழு உருவாக்கிய, கணினியே சோதித்துப் பார்க்கக்கூடிய விவரிப்பு மொழியும் அதில் இடம்பெற்றன. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டேவிட் பார்னாஸ் குழு ஏ-7 போர் விமானத்தின் மென்பொருள் தேவைகளை அட்டவணைகளாக எழுதிக் காட்டியது. அதைப் பற்றிக் கேத்ரின் ஹெனிங்கர் 1980இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. இந்தக் காலகட்டத்தின் அக்கறை முழுவதும் எழுத்தின் துல்லியத்தில் இருந்தது. அது தேவையான தொடக்கம்தான், ஆனால் ஒருபக்கச் சாய்வு கொண்டது.

அந்தச் சாய்வை வெளிச்சமிட்டது ஒரு சாதாரணப் பயிற்சிக் கணக்கு. 1987இல் மென்பொருள் விவரிப்பு பற்றிய பயிலரங்கு ஒன்று, நூலகம், மின்தூக்கி போன்ற சிறு கணக்குகளைப் பொதுவாகக் கொடுத்துத் தீர்வு கேட்டது. நூலகக் கணக்குக்கு வந்த 12 தீர்வுகளை ஜெனெட் விங் ஒப்பிட்டு 1988இல் எழுதினார். சில வரிகளே கொண்ட கேள்விதான். ஆனாலும் ‘பயனர்’ என்பதில் நூலக ஊழியரும் அடக்கமா, ஒரே நூலின் இரண்டு படிகள் ஒரு நூலா இரண்டா என்பது போன்ற ஐயங்களை அது திறந்தே விட்டிருந்தது. எவ்வளவு கறாரான கணித மொழியில் எழுதினாலும், கேட்டவரிடம் திரும்பிப் போய்த் தெளிவு பெறாமல் இவை தீராது. இந்தப் பாடத்தை நடத்தும் எவரும் முதல் வாரத்திலேயே வைக்க வேண்டிய பயிற்சி இது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கேட்டறியும் கலையைக் கல்விக்குள் கொண்டுவந்ததில் பிரிட்டனுக்குப் பெரும் பங்குண்டு. லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்றாக அடுக்கப்படும் காகிதப் பட்டைகளை ஊழியர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று கவனித்தனர். பட்டையைக் கையால் எடுத்து வைப்பதே வானத்தின் நிலைமையை மனத்தில் பதிய வைக்கிறது என்று அவர்கள் கண்டனர். எந்த நேர்காணலிலும் எளிதில் வெளிவராத தேவை அது. அங்கே கணினியியல் பேராசிரியராக இருந்த இயன் சாமர்வில், பின்னர் கோட்டோன்யாவுடன் சேர்ந்து 1998இல் எழுதிய பாடநூலில் மென்பொருள் மாணவர்களுக்கும் களநோக்கை அறிமுகப்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஜோசப் கோகன், கணித முறைகளில் தேர்ந்தவராக இருந்தும், தேவைகளின் சமூகப் பக்கத்தை வலியுறுத்தி எழுதினார். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி அமைப்பு நிலைகுலைந்ததும், அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கையும், கேட்டறியத் தவறினால் என்னாகும் என்பதற்கு வகுப்பறைகளின் நிலையான பாடமாயின.

1993 ஜனவரியில் சான் டியாகோவில் துறைக்கான முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. 1996இல் தனி ஆய்விதழும் தொடங்கியது. பெல்ஜியத்தின் லூவைனில் ஆக்சல் வான் லாம்ஸ்வேர்டும், டொராண்டோவில் எரிக் யூவும் இலக்குகளிலிருந்து தேவைகளைப் பெறும் முறைகளை வளர்த்தனர். 2004இல் வெளியான மென்பொருள் பொறியியல் அறிவுத் தொகுதி, தன் துறைப் பகுப்பில் தேவைகளை முதலாவதாக வைத்தது. 2007இல் துறையின் பன்னாட்டு மாநாடு டெல்லியில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் தாளில் தேவைகளை ஆராய்வதும் விவரித்து எழுதுவதும் ஓர் அலகாக உள்ளன.

மென்பொருளைச் சிறு படிகளாக உருவாக்கச் சொல்லி 2001இல் வெளியான அஜைல் அறிக்கைக்குப் பின், தடிமனான தேவை ஆவணத்தின் இடத்தை பயனருக்கு என்ன வேண்டும் என்பதை ஓரிரு வரிகளில் அட்டையில் எழுதும் ‘பயனர் கதைகள்’ பல இடங்களில் பிடித்தன. வாடிக்கையாளரோடு பேசுவது திட்டம் முடியும்வரை தொடரும் வேலையானது. வகுப்பறைக்கு இது இன்னும் கடினம். பாடத்தில் வாடிக்கையாளர் இல்லை, கேள்வித்தாள்தான் இருக்கிறது. அதனால் சில துறைகளில் உண்மையான அமைப்பு ஒன்றை மாணவர் குழுவோடு இணைத்துவிடுகிறார்கள். வேறு சிலவற்றில் ஆசிரியரே வாடிக்கையாளராக நடித்து, கேட்டால் மட்டும் சொல்லி, பருவத்தின் நடுவில் தம் தேவையை மாற்றிக்கொள்கிறார்.