டிராக்டர் பி.டி.ஓ. கட்டுப்பாடு: வரலாறும் பழுது நீக்கமும்

டிராக்டர் எஞ்சினின் ஆற்றலை, பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் வழியாக ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் போன்ற கருவிகளுக்குத் தரும் அமைப்பு பி.டி.ஓ. எனப்படும். அதை இயக்கி நிறுத்தும் முறை மூன்று கட்டங்களாக வளர்ந்தது. பழைய டிராக்டரைப் பழுது பார்ப்பவர், அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தோற்றம்

முற்காலத்தில் கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரங்கள், தம் சக்கரம் தரையில் உருள்வதிலிருந்தே ஆற்றல் பெற்றன. ஈர வயலில் சக்கரம் வழுக்கினால் கத்தியும் நின்றுவிடும். பிரான்சைச் சேர்ந்த அல்பேர் கூஜி 1906-ஆம் ஆண்டளவில், தம் டிராக்டர் எஞ்சினிலிருந்தே ஒரு தண்டு மூலம் அத்தகைய இயந்திரத்தை ஓட்டினார். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918-இல் தன் 8-16 டிராக்டரில் பி.டி.ஓ.வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1927-இல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் இதற்குத் தரநிலை வகுத்தது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பின்னர் நிலைத்தது.

ஒற்றைக் கிளட்ச்

தொடக்ககால டிராக்டர்களில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச்தான். மிதியை அழுத்தினால் இரண்டும் நிற்கும். பயிர் அடைத்துக்கொண்டால் வண்டியை மட்டும் நிறுத்திக் கருவியைச் சுழலவிட முடியாது. மேலும், கனமான புல்வெட்டும் கருவி சுழன்றுகொண்டிருந்தால், மிதியை அழுத்திய பிறகும் அதன் வேகம் கியர்பாக்ஸ் வழியாக வண்டியை முன்னே தள்ளும். இதைத் தடுக்க, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் பொருத்தப்படுகிறது. இவ்வகையில் மிதியை அழுத்தியும் தண்டு நிற்காவிட்டால், பின்பக்கத்தைப் பிரிக்கும் முன் முதன்மைக் கிளட்சைச் சோதிக்க வேண்டும்.

இரட்டைக் கிளட்ச்

கனடாவின் காக்ஷட் 30 டிராக்டர், 1940-களின் பிற்பகுதியில், வண்டி நின்றாலும் சுழலும் பி.டி.ஓ.வை வட அமெரிக்காவில் பரவச் செய்தது. மாஸ்ஸி பெர்குசன் 35-இன் இரட்டைக் கிளட்ச் வகையில் மிதியைப் பாதி அழுத்தினால் சக்கர ஓட்டம் நிற்கும். முழுதும் அழுத்தினால் பி.டி.ஓ.வும் நிற்கும். இங்கு மிதியின் தளர்வு அளவு முக்கியம். தளர்வு மிகுந்தால் இரண்டாம் நிலை முழுதாகப் பிரியாது. லீவரைப் போடும்போது பற்கள் உராயும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கித் தேயும். லீவர் தானே விடுபட்டால், இணைப்பு ஊசிகள், நிறுத்தக் குண்டும் அதன் ஸ்பிரிங்கும், உள்ளிருக்கும் இணைப்பியின் பற்கள் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

தனிக் கிளட்ச்

பின்னர் பி.டி.ஓ.வுக்கென்றே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பல தட்டுக் கிளட்ச் வந்தது. இதில் சுமை ஏறும்போது தண்டு தளர்ந்தால், எண்ணெயின் அளவு, வடிகட்டி, லீவர் கம்பி வால்வை முழுதாக நகர்த்துகிறதா என்பவற்றைச் சரிபார்த்த பிறகே கிளட்சைத் திறக்க வேண்டும்.

பாதுகாப்பு

540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இராது. எனவே எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பின்னரே தண்டருகே செல்ல வேண்டும். பழுது நீக்கியதும் கருவியை மாட்டாமல், இருக்கையில் அமர்ந்தபடியே லீவரைப் போட்டும் எடுத்தும் பார்க்க வேண்டும். லீவரை எடுத்ததும் தண்டு நிற்காத டிராக்டரை வயலில் இறக்கக் கூடாது.