அளவு ஜாக்கெட்டும் எலியனோராவின் கவுனும்

டெய்லர் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். டேப் வைத்து உடம்பை அளப்பதைவிட, நன்றாகப் பொருந்திய பழையது ஒன்று கையில் இருந்தால் அவருக்கு வேலை சுலபம். வீட்டில் தைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய ஜாக்கெட்டின் தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, நியூஸ்பேப்பர் மேல் வைத்து வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

சரி, அந்தப் பழைய உடுப்புக்கு வயது 400 என்றால்? பிரிக்கக் கூடாது. இஸ்திரி என்ற பேச்சே கிடையாது. அதற்கும் பேட்டர்ன் எடுத்துக் காட்டியவர் ஜேனட் ஆர்னால்ட் (1932-1998) என்ற இங்கிலாந்துக்காரர்.

விஷயம் நூலில்தான் இருக்கிறது. உடுப்பு எப்படி வளைந்து கிடந்தாலும், அதில் ஓடும் பாவு நூல் நெசவாளி விட்ட அதே வழியில்தான் போகும். அந்த நூல் ஒன்றை மேலிருந்து கீழ்வரை பின்தொடர்ந்து, அங்கங்கே அதிலிருந்து தையல் ஓரம் எவ்வளவு தூரம் என்று அளந்து, கிராஃப் தாளில் எட்டில் ஒரு பங்கு அளவில் புள்ளி வைத்துச் சேர்க்க வேண்டும். சுருக்கம், மடிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்பில் நாம் போடும் கிராஃப் மாதிரிதான், பொறுமை மட்டும் நூறு மடங்கு!

இப்படி வரைந்தால் வெளியே தெரியாத ஒன்று தெரிகிறது: ஒட்டு. அந்தக் காலத்தில் பட்டும் வெல்வெட்டும் அகலம் குறைவு, விலை அதிகம். தையல்கூலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால் பிரபுக்களின் உடையிலும் மூலையில் துண்டு ஒட்டித் தைத்திருப்பார்கள். ஸ்பெயினில் ஹுவான் தெ அல்சேகா என்ற தையல்காரர் 1580-இல் வெளியிட்ட புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பது, துணி வீணாகாமல் துண்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற எனக்கு இது நம்ம சப்ஜெக்ட் போலவே பட்டது.

இதில் என்னை மிகவும் பாதித்தது எலியனோராவின் கவுன். ஃப்ளாரன்ஸை ஆண்ட கோசிமோ டி மெடிச்சியின் மனைவி. 1562-இல் மலேரியா வந்து இரண்டு மகன்களும் அவரும் ஒரே மாதத்துக்குள் இறந்துபோனார்கள். ப்ரோன்ஸீனோ 1545 வாக்கில் வரைந்த அவருடைய ஓவியம் ரொம்பப் பிரபலம். கறுப்பும் பொன்னுமாய்ப் பூ வேலை செய்த கவுன். அதே கவுனில்தான் அவரைப் புதைத்தார்கள் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1857-இல் சவப்பெட்டியைத் திறந்தார்கள். பின்னாளில் அந்தத் துணிகளைச் சுத்தம் செய்து ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளே இருந்தது வேறு கவுன்! வெல்வெட் பட்டை வைத்த வெளிர்நிற சாட்டின், பாதி மக்கிப்போனது.

ஓவியத்தில் முதுகு தெரியாது, உள்தையலும் தெரியாது. ஆர்னால்ட் 1985-இல் வெளியிட்ட 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' மூன்றாம் தொகுதியில் அந்தப் புதைத்த கவுனின் வரைபடம் இருக்கிறது. அதை வைத்து இன்று யார் வேண்டுமானாலும் துணி வெட்டலாம். நான்காவது தொகுதியை முடிக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன வேலையைக் கூட இருந்தவர்கள் முடித்து 2008-இல் கொண்டுவந்தார்கள்.